நான்காவது திசையும் தலவாக்கலை நிலவும்

வணக்கம். தலவாக்கலைத் தேயிலைத் தோட்டமொன்றில் நான்காவது இடப்பரிமாணம் (நீளம், அகலம், உயரம் தவிர்ந்த இன்னொரு திசை) திறந்த பின்பும் உங்கள் கதையில் நிலா வழமைபோல் உதிப்பதை நண்பர் குறை கூறியதாக எழுதியிருந்தீர்கள். அவர் கூறியது சரியே.

தூரம் இரட்டிக்கும்போது ஈர்ப்பு விசை இப்போது நான்கில் ஒன்றாகக் குறைகிறது. நான்கு இடப்பரிமாணங்களில் அது எட்டில் ஒன்றாகிவிடும் என்பதால், சிறு உந்தல் ஏற்பட்டாலும் நிலா பூமியில் விழும் அல்லது விலகிப் போய்விடும். இத்தகைய வெளியில் சுற்றுப்பாதைகள் நிலைக்கா என்பதை இயற்பியலாளர் பவுல் எரென்ஃபெஸ்ட் 1917இல் விளக்கினார். அணுக்களுக்கும் அதே கதி என்பதால் தேயிலைச் செடியே இராது.

ஆகவே மலையும் மனிதரும் விசைகளும் முப்பரிமாணத்திலேயே இருக்க, உங்கள் நாயகி மட்டும் அந்த நான்காவது திசையில் அடியெடுத்து வைக்கட்டும். இந்த ஒரு விலக்கைக் கதைக்குரிய சுதந்திரமாக வாசகர் ஏற்பார் என்றே நம்புகிறேன். பூட்டிய லயக் காம்பராவிலிருந்து (தோட்டக் குடியிருப்பு அறையிலிருந்து) கதவைத் தொடாமலே அவள் வெளியேறலாம்; வாய் கட்டிய சாக்கை அவிழ்க்காமல் உள்ளிருக்கும் கொழுந்தை எடுக்கலாம்; கயிற்றின் ஒரு பகுதியை அத்திசையில் சற்று விலக்கி மற்றப் பகுதியைத் தாண்டச் செய்தால், நுனிகளைப் பிடித்திருக்கும்போதே முடிச்சுக் கழன்றுவிடும்.

இவற்றிலும் வலுவானது ஒன்றுண்டு. அங்கே ஒருமுறை புரண்டு மீண்டால் அவள் தன் ஆடிப் பிம்பமாகிவிடுவாள்: இதயம் வலப்பக்கம் இருக்கும், மூலக்கூறுகளும் இடவலம் மாறியிருப்பதால், தேநீரில் இட்ட சீனிகூட அவள் உடலுக்குச் சத்தாகச் சேராது. அந்தப் பசியை விரிவாக எழுதுங்கள்.