காவலர்கள் தண்டனையின்றித் தப்புவதற்குத் தொழிற்சங்கம்தான் காரணமா?

"அமெரிக்காவில் அத்துமீறும் காவலர்களைப் பாதுகாப்பவை அவர்களுடைய தொழிற்சங்கங்கள்தாம் என்றால், அரசு ஊழியர் சங்கங்களையே தடை செய்துவிடலாமே?" என்று கேட்டிருக்கிறீர்கள். முற்பாதியில் பெருமளவு உண்மை இருக்கிறது; பிற்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

சிகாகோவை எடுத்துக்கொள்வோம். 2014 அக்டோபர் 20 இரவு, லக்குவான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவனை ஜேசன் வான் டைக் என்ற காவலர் 16 முறை சுட்டார். கையில் கத்தியுடன் இருந்த சிறுவன் காவலர்கள்மீது பாய்ந்ததாக, அந்த இடத்திலேயே செய்தியாளர்களிடம் சொன்னவர் காவலர் சங்கத்தின் செய்தித் தொடர்பாளர். நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2015 நவம்பரில் வெளியான காணொளியிலோ அவன் விலகி நடந்துகொண்டிருந்தான். அதற்குள் நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 50 லட்சம் டாலர் இழப்பீடு கொடுத்து முடித்திருந்தது. வான் டைக் குற்றவாளி என்று 2018இல் தீர்ப்பானது.

காவலர் சங்கத்துக்கும் நகர நிர்வாகத்துக்கும் இடையே அப்போது நடைமுறையிலிருந்த ஊதிய ஒப்பந்தத்தைப் படித்தால் மற்றவை விளங்கும். புகார் கொடுப்பவர் தன் பெயரைச் சொல்லிப் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. இல்லையென்றால் பெரும்பாலான புகார்கள் விசாரணைக்கே போகவில்லை. துப்பாக்கியால் சுட்ட காவலர் புலனாய்வு அமைப்பிடம் வாக்குமூலம் அளிக்க 24 மணி நேர அவகாசம் இருந்தது. பழைய புகார்களின் ஆவணங்களை ஐந்து ஆண்டுகளில் அழித்துவிட வேண்டும் என்றும் ஒரு பிரிவு சொன்னது. ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காத காவலர் வழக்கத்தை இத்தகைய ஒப்பந்தங்கள் அரசின் கொள்கையாகவே ஆக்கிவிட்டன என்று, மேயர் நியமித்த குழுவே 2016இல் எழுதியது. ஆவணங்களை அழிக்கும் பிரிவு செல்லாது என்று சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆக வேண்டியிருந்தது.

இந்த ஒப்பந்தத்தில் நகர நிர்வாகமும் கையெழுத்திட்டிருக்கிறது என்பதை மறந்துவிட்டுச் சங்கத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. ஊதியத்தை உயர்த்தினால் அது வரவு செலவுத் திட்டத்தில் தெரியும், வரி செலுத்துவோர் கேள்வி கேட்பார்கள். விசாரணை விதியைத் தளர்த்திக் கொடுத்தால் அந்த ஆண்டுக் கணக்கில் ஒரு டாலர்கூட ஏறாது. அதன் விலையைப் பின்னாளில் கொடுக்கப்போகிறவர்கள் அந்தப் பேச்சுவார்த்தை அறைக்குள் இருப்பதில்லை.

நடுவர் தீர்ப்பு முறை இதைவிட நுட்பமானது. பணிநீக்கம் செய்யப்பட்டவர் மேல்முறையீடு செய்தால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நடுவர், இதே போன்ற தவறுக்கு முன்பு என்ன தண்டனை தரப்பட்டது என்று பார்ப்பார். முன்பெல்லாம் எச்சரித்து அனுப்பியிருந்தால், இப்போதைய பணிநீக்கம் மிகையானதாகிவிடும். ஆக, முன்பு கண்டும் காணாமல் இருந்த துறை திருந்த நினைக்கும்போது அதன் பழைய கோப்புகளே குறுக்கே நிற்கும். 2006 முதல் பெரிய காவல் துறைகள் நீக்கிய 1,881 பேரில் 451 பேர் மேல்முறையீட்டில் பணிக்குத் திரும்பினார்கள் என்று வாஷிங்டன் போஸ்ட் 2017இல் கணக்கெடுத்து வெளியிட்டது.

நானும் அரசு ஊழியர் சங்கம் ஒன்றில் உறுப்பினன். 17பி குறிப்பாணை (கடும் தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டு அறிவிப்பு) வாங்கியவர்களுடன் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மேலதிகாரியின் கோபத்துக்காக மட்டுமே குற்றச்சாட்டு வரைந்த கோப்புகளையும் பார்த்ததுண்டு. ஆகவே விசாரணையின்றி யாரையும் நீக்கக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓர் எழுத்தரின் கையில் துப்பாக்கி கிடையாது. ஒருவரைக் கைது செய்து அடைக்கும் அதிகாரமும் கிடையாது. இருவருக்கும் ஒரே அளவு பாதுகாப்புக் கேட்பது பொருந்தாது, காவலர்கள் அதைவிடக் கூடுதலாகப் பெற்றிருப்பதோ விந்தை.

இனி, தடை பற்றி. விஸ்கான்சின் மாநிலத்தில் ஆளுநர் ஸ்காட் வாக்கர் 2011இல் அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை (சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் பேரம் பேசும் உரிமையை) ஏறக்குறையப் பறித்தபோது, ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் அதை இழந்தார்கள். காவலர்களுக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. சங்கங்களை ஒடுக்கும் அரசியல் அங்கே யாரைத் தொடாமல் விட்டது என்பதைக் கவனியுங்கள். மறுபுறம், இந்தியாவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் காவலர்கள் அரசின் அனுமதியின்றித் தொழிற்சங்கம் சேர்வதைத் தடுக்கிறது. தமிழ்நாட்டுக் காவலர்களுக்கும் பேரம் பேசும் சங்கம் கிடையாது. ஆயினும் 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தாக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். அங்கே காவலர்களுக்கு அரணாக இருந்தது எந்த ஒப்பந்தமும் இல்லை.

எனவே ஊதியம், பணி நேரம், விடுப்பு ஆகியவற்றைச் சங்கம் பேசட்டும். பொதுமக்கள்மீது பலப்பிரயோகம் செய்த புகாரை யார் விசாரிப்பது, எந்த ஆவணத்தை எத்தனை ஆண்டு வைப்பது என்பவற்றைச் சட்டமன்றம் வெளிப்படையாக முடிவு செய்யட்டும் என்பதே என் பதில். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம், 1974இல் காவலர்களுக்கென்று இயற்றிய தனிப் பாதுகாப்புச் சட்டத்தை 2021இல் ஆளுநரின் எதிர்ப்பையும் மீறி நீக்கியது. சிகாகோவில் இழுபறி இன்னும் நீண்டது: கடும் தண்டனைக்குரிய வழக்குகளை மூடிய அறையில் நடுவரிடம் கொண்டுசெல்லச் சங்கம் உரிமை கேட்க, நடுவரிடம் போகலாம், ஆனால் விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் ஒரு நீதிபதி தீர்ப்பளித்தார்.