ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு புள்ளி

கேள்வி: குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 2 வருஷம். இப்போதைய சி.டி. ஸ்கேனில் கல்லீரலில் சாதாரண நீர்க்கட்டி, அட்ரீனலில் (சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி) 1.5 செ.மீ. கட்டி, நுரையீரலில் 4 மி.மீ. முடிச்சு என்கிறார்கள். 3 மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். உடனே பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) வேண்டாமா?

பதில்: நீர்க்கட்டியை மறந்துவிடுங்கள். அட்ரீனல் கட்டி, சாய மருந்து ஏற்றாத சி.டி.யில் ஒரே சீராக, 10 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு (சி.டி.யில் திசுவின் அடர்த்தியைக் காட்டும் எண்) அல்லது அதற்குக் கீழ் இருந்தால் கொழுப்பு நிறைந்த தீங்கற்ற கட்டிதான். சாயம் ஏற்றினால் அந்த எண் கூடிவிடும். அதை வைத்து முடிவுகட்ட முடியாது.

யோசிக்க வேண்டியது முடிச்சுதான். 4 மி.மீ.க்குள் ஊசியைச் செலுத்துவது கடினம், 8 மி.மீ.க்குக் குறைந்தவை பெட் ஸ்கேனிலும் (புற்றுநோய்த் திசுவைத் தேடும் இன்னொரு ஸ்கேன்) பெரும்பாலும் தெரியாது. ஆகவே காத்திருப்பு அலட்சியமல்ல. 'சின்ன முடிச்சு, விட்டுவிடலாம்' என்ற பொது விதி புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொருந்தாது; மறு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள்.

பழைய ஸ்கேனின் படங்கள் பதிந்த குறுந்தட்டையே கொண்டுபோங்கள், காகித ரிப்போர்ட் போதாது. சி.டி. உடலைத் துண்டு துண்டாகப் படமெடுக்கும்; அன்று ஒவ்வொரு துண்டையும் 5 மி.மீ. தடிமனில் எடுத்திருந்தால் முடிச்சு கண்ணில் படாமல் போயிருக்கலாம். 'புதிது' என்பது பழையதாகவும் இருக்கலாம். அடுத்ததை 1 மி.மீ. தடிமனில் கேளுங்கள். 4 மி.மீ. 5 ஆனாலும் பதற வேண்டாம், 2 மி.மீ.க்குக் குறைந்த வித்தியாசம் அளவெடுப்பதிலேயே வரும்.