பந்தின் மேல் விழுந்த பழி

கேள்வி: 2014 உலகக்கோப்பைக் கால்பந்து பார்க்க வந்த கூட்டம்தான் பிரேசிலுக்கு, கொசு பரப்பும் ஜிகா வைரஸைக் கொண்டுவந்தது என்று படித்தேன். இப்போது, ‘மரபணுவை ஆராய்ந்தோம், அது தவறு’ என்கிறார்கள். வைரஸின் உடம்பில் தேதி முத்திரையா குத்தியிருக்கிறது? இதுவும் யூகம்தானே?

பதில்: முத்திரை இல்லை. எழுத்துப்பிழை இருக்கிறது, அதை எண்ணலாம். ஜிகாவின் மரபணுத்தொகுதி சுமார் 10,800 எழுத்துகள், அதாவது வேதி அலகுகள், கொண்ட ஆர்.என்.ஏ. இழை. தன்னைப் படியெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் வசதி அதனிடம் கிடையாது. நிலைத்துவிடும் பிழைகள் ஆண்டுக்கு, ஆயிரம் எழுத்துக்கு ஏறக்குறைய ஒன்று. முழு நீளத்துக்குப் பத்துப் பதினொன்று. ஒரே நாளில் இரண்டு நோயாளிகளிடம் எடுத்த வைரஸ்கள் 22 இடங்களில் வேறுபட்டால், அவற்றின் பொது மூதாதை சுமார் ஓராண்டுக்கு முந்தையது. இரண்டு ஆண்டு அல்ல. இரண்டு கிளையிலும் பிழை சேர்கிறது, இரண்டால் வகுக்க வேண்டும்.

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது இரத்தம் எடுத்த தேதி. அந்த இடத்தில் மாதிரி ஆய்வகத்துக்கு வந்துசேர்ந்த தேதியை எழுதிவைத்தால் வேகக் கணக்கே கோணலாகும்.

பிரேசிலில் ஜிகா உறுதியானது 2015 மே மாதம். 2016-இல் வெளியான மரபணு ஆய்வு, அது 2013 மே முதல் டிசம்பருக்குள் அமெரிக்கக் கண்டத்துக்குள் ஒரே முறை நுழைந்தது என்று கணித்தது. கூடுதல் மாதிரிகளோடு 2017-இல் வந்த ஆய்வு, 2014 பிப்ரவரிக்குள் வடகிழக்கு பிரேசிலில் வேர்விட்டுவிட்டது என்றது. உலகக்கோப்பை தொடங்கியதோ 2014 ஜூனில்! வைரஸின் நெருங்கிய உறவு, 2013 அக்டோபரில் ஜிகா வெடித்த பசிபிக் தீவுக்கூட்டமான பிரெஞ்சு பாலினேசியாவில். அந்தப் பக்கத்துத் தீவு அணி எதுவும் அந்தக் கோப்பையில் ஆடவே இல்லை.

யூகமா என்றால், வரம்பு போட்ட கணிப்பு. வரம்பு சொல்லாமல் ஒற்றைத் தேதி சொல்பவரை நம்பாதீர்கள். பொது மூதாதையின் தேதியும் வைரஸ் நாட்டுக்குள் வந்த தேதியும் ஒன்றல்ல. ஏற்கெனவே பிரிந்துவிட்ட இரண்டு கிளைகள் தனித்தனியாக வந்திருந்தால், மூதாதை வெளியூரில் இருந்திருக்கும். வந்தது ஒன்றுதான், சில மாதம் யார் கண்ணிலும் படாமல் சுற்றியது என்றால், நுழைவு மூதாதைக்கும் முந்தையது. மாதிரியே எடுக்காத ஊர், வைரஸ்களின் வம்சாவளியைக் காட்டும் கிளைமரத்தில் இருக்காது. வைரஸ் அதன் வழியாகவே வந்திருந்தாலும்.

ஆய்வக வேலையிலும் சறுக்கல்கள் உண்டு. ஜிகா இரத்தத்தில் சில நாள்தான் இருக்கும், அதுவும் குறைவாக. ஆகவே மரபணுவை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் சுமார் 400 எழுத்துத் துண்டுகளாக, பி.சி.ஆர். என்ற படியெடுக்கும் முறையில் பெருக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் ஒட்ட, பிரைமர் என்னும் செயற்கைக் குட்டி இழைகள் ஒரு ஜோடி. மொத்தம் முப்பத்துச் சொச்சம் ஜோடிகள். ஒற்றைப்படை எண் ஜோடிகள் ஒரு குழாயில், இரட்டைப்படை இன்னொன்றில். அடுத்தடுத்த ஜோடிகளை ஒன்றாகப் போட்டால், இரண்டும் படிகிற குட்டித் துண்டுதான் பெருகும். பிரைமர் ஒட்டிய பகுதியைப் பின்னால் வெட்டிவிட வேண்டும். அது நாம் செய்த எழுத்து, வைரஸுடையது அல்ல. வைரஸ் இல்லாத வெற்று மாதிரியையும் கடைசிவரை கூடவே ஓட்ட வேண்டும். அதில் ஜிகா தெரிந்தால் அன்றைய முடிவுகள் சந்தேகத்துக்குரியவை.

பெரிய தப்பு கணினியில் நடக்கிறது. படிக்க முடியாத இடத்தை ‘தெரியாது’ என்று குறிக்காமல், கையில் இருக்கும் பழைய வரிசையைப் பார்த்து நிரப்பிவிடுவது. அப்போது வெவ்வேறு வைரஸ்கள் ஒட்டிப் பிறந்தவைபோலத் தெரியும், மூதாதைக்கு வயது குறைந்துவிடும்.

கால்பந்து முழுசாக விடுதலையாகிவிட்டதாகவும் எண்ண வேண்டாம். 2013 ஜூனில் பிரேசிலில் நடந்த கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பைக் கால்பந்துப் போட்டி அந்த மே–டிசம்பர் வரம்புக்குள் வருகிறது. அதில் ஆடிய அணிகளில் ஒன்று பிரெஞ்சு பாலினேசியாவின் தஹிதி. ஆனால் அங்கே நோய் தெரியவந்தது அக்டோபரில்தான். ஆக, சந்தேகப் பட்டியலில் பெயர் இருக்கிறது. குற்றப்பத்திரிகை எழுத ஆதாரம் இல்லை.