எட்டு நாள் வாரம்

சென்ற இதழில் வந்த என் பாலஸ்தீனப் பயணக் குறிப்பைப் படித்துவிட்டு வாசகர்கள் எழுதிய கேள்விகளில் நான்கும், என் பதில்களும்.

கேள்வி: புனிதப் பயணக் குழுவோடு பெத்லகேம் போனோம். தேவாலயத்தை ஒரு மணி நேரம் பார்த்ததும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். எதைத் தவறவிட்டோம்? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: பிறப்பிடத் தேவாலயத்தின் வாசலில் குனிந்து நுழைந்தீர்கள் அல்லவா, அந்த மட்டில் பாக்கியசாலிதான். ஆனால் மேற்கே ஒரு வாடகை வண்டி பிடித்திருந்தால் அரை மணிக்குள் பத்தீர் கிராமம். மலைச்சரிவு முழுவதும் சாந்து பூசாமல் கல்லடுக்கிக் கட்டிய படிவயல்கள், ஒலிவ மரங்கள். ஊற்று நீர் ஒரு தொட்டியில் நிறைந்து வாய்க்கால்களில் பிரிகிறது. ஊரில் எட்டு வகையறாக்கள். நாளுக்கு ஒரு வகையறாவுக்குத் தண்ணீர். அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள்.

முப்பது வருடம் பாசன மதகுகளோடு மல்லுக்கட்டியவன் நான். சும்மா இருப்பேனா? "முறை தவறி யாராவது திறந்துவிட்டால்?" என்று அங்கிருந்த முதியவரிடம் கேட்டேன். "அதற்குத்தான் ஒரு நாள் கூடுதலாக வைத்திருக்கிறோம், சண்டை போட" என்றார். தாமிரபரணிக் கரையில் நின்றிருப்பதாகவே தோன்றியது.

பள்ளத்தாக்கின் அடியில் 1892-இல் போட்ட யாஃபா–ஜெருசலேம் ரயில்பாதை. அரபு–இஸ்ரேல் போருக்குப் பின் 1949-இல் வகுத்த போர்நிறுத்தக் கோடு கிராமத்து நிலத்தையே வெட்டிக்கொண்டு போனது. ஆனாலும் ரயிலுக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்து, கோட்டுக்கு அப்பால் இஸ்ரேல் பக்கம் போன வயல்களிலும் உழும் உரிமையை ஊரார் காப்பாற்றிக்கொண்டார்கள். இஸ்ரேலின் பிரிப்புச் சுவர் இந்த வழியாக வரும் என்ற அச்சத்தால், 2014-இல் யுனெஸ்கோ இவ்வயல்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோதே ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலிலும் சேர்த்தது. பத்தீர் கத்திரிக்காய்க்கு அந்த வட்டாரத்தில் தனி மரியாதை உண்டு. அரிசியும் இறைச்சியும் அடைத்துச் சமைக்கிறார்கள். நம் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அது சரிப்படாது, நீளம் அதிகம்.

கேள்வி: வீட்டு மாடிகளில் எல்லாம் கறுப்புத் தொட்டிகள் எதற்கு? (வாசகர், கரூர்)

பதில்: குழாயில் தினமும் தண்ணீர் வராது, வரும் நாளில் பிடித்து வைத்தால்தான் உண்டு. 1967-இல் இஸ்ரேல் இப்பகுதியைப் பிடித்தது முதல் அதன் ராணுவ அனுமதியில்லாமல் கிணறும் தோண்ட முடியாது. எதிர் மலையிலுள்ள யூதக் குடியேற்றத்தில் சிவப்பு ஓட்டுக் கூரைகள்தான் தெரிந்தன. அவற்றின் மேல் கறுப்புத் தொட்டிகளை நான் பார்க்கவில்லை.

கேள்வி: காசாவுக்கும் போனீர்களா? (வாசகர், மதுரை)

பதில்: இல்லை. நான் போன 2019 அக்டோபரிலேயே சுற்றுலாப் பயணிக்கு அங்கே வழி கிடையாது.

கேள்வி: நாப்லுஸ் நகரில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன வாங்கினீர்கள்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: சாப்பிட்டது குனாஃபா. உப்பு நீரில் கிடந்த பாலாடைக்கட்டியை உப்புப் போக ஊறவைத்து, மேலே ஆரஞ்சு நிற மாவுப்படலத்தோடு பெரிய தாம்பாளத்தில் சுட்டு, சர்க்கரைப் பாகு ஊற்றித் தருகிறார்கள். ஆறவிட்டால் ரப்பராகிவிடும், சுடச்சுட நின்றுகொண்டே இரண்டு துண்டு தின்றேன். எனக்குச் சர்க்கரை வியாதி உண்டென்பதை இந்தப் பத்திரிகை மூலம்தான் வீட்டார் அறியப்போகிறார்கள் என்றில்லை. அந்தத் துண்டுகளைப் பற்றித்தான் அறியப்போகிறார்கள்.

வாங்கியது ஒலிவ எண்ணெய் சோப்பு. அங்கே கட்டிகளை ஆள் உயரத்துக்கும் மேலே, நடுவில் வெற்றிடம் விட்டுக் கூம்பாக அடுக்கிக் காயவைக்கிறார்கள். இரண்டு கட்டி கொண்டுவந்தேன். "வாசனையே இல்லையே, இது என்ன சோப்பு?" என்றாள் மனைவி. ஒன்று தீர்ந்துவிட்டது. மற்றதைப் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள். கேட்டால் தர மறுக்கிறாள்.