முன்பணம் கேட்கும் டேட்டா என்ட்ரி வேலை: பாலக்கோட்டுத் தந்தைக்குப் பதில்

ஐயா,

பிளஸ் டூ முடித்த மகள் வீட்டிலிருந்தபடியே டேட்டா என்ட்ரி வேலை பார்க்க விரும்புகிறாள், அதற்கு ஐயாயிரம் ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். வேலை தருபவர் கூலி கொடுப்பாரே தவிர, வேலைக்கு வருபவரிடம் பணம் கேட்கமாட்டார். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள்.

அதற்காக மகளின் ஆசையைத் தட்டிக்கழிக்க வேண்டாம். காகிதத்தில் இருப்பதைக் கணினிக்குள் கொண்டுசேர்ப்பது நல்ல தொழில்தான். பார்த்துப் பார்த்துத் தட்டுவது அதன் அடிப்படி. அச்செழுத்தை இப்போது மென்பொருளே படித்துவிடுகிறது. பதியும் தகவல் பிழையில்லாமல், ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் அடுத்த படியில்தான் ஆள் தேவை.

உங்கள் பட்டாவை அவளிடம் கொடுங்கள். புல எண்ணையும் உட்பிரிவையும் சேர்த்து எக்செலில் 5/2 என்று அடிக்கட்டும். அது தேதியாக மாறி நிற்கும்! அந்த நெடுவரிசையை (column) முன்கூட்டியே எழுத்து (Text) வகையாக அமைத்திருந்தால் நிலம் நிலமாகவே இருந்திருக்கும். பரப்பை ஒருவர் ஹெக்டேரிலும் இன்னொருவர் ஏக்கரிலும் பதிந்தால் கூட்டுத்தொகை பொய்யாகும். ஒரு ஹெக்டேர் என்பது சுமார் 2.47 ஏக்கர். பாதிப் பேர் தருமபுரி என்றும் மீதிப் பேர் தர்மபுரி என்றும் அடித்தால் கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். அதற்குத் தெரிவதெல்லாம் எண்கள்தான். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு முறையில் 'த' என்பது 2980. நமக்கு ஐந்தெழுத்தான தருமபுரி அங்கே எட்டுக் குறியீடுகள். உகர, இகரக் குறிகளுக்குத் தனி எண் உண்டு.

இதையெல்லாம் கேட்டு அவளுக்கு ஆர்வம் பிறந்தால் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கட்டும். (கொட்டாவி விட்டால் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்போம்.) அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு, தனியார் கல்லூரிக்காகக் கடன் வாங்கும் அவசரம் வேண்டாம். படிக்கும்போதே தகவல்களை ஒழுங்காகச் சேமிக்கும் தரவுத்தளமும், அதிலிருந்து வேண்டியதைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்க்யூஎல்லும் கற்றுக்கொள்வது முக்கியம்.

தட்டச்சும் வீண் அல்ல. தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வு எழுதிவைத்தால் குரூப் 4 தட்டச்சர் பணிக்கும் விண்ணப்பிக்கலாம்.

பிளஸ் டூவில் அவள் எடுத்த பாடப்பிரிவு எது? கடிதத்தில் அதை எழுதவே இல்லையே. மதிப்பெண் பட்டியலின் நகலோடு அதையும் அனுப்புங்கள், எந்தப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.