குவாக்கமோலியில் லாகின் ஆகிறது, டெஸ்க்டாப் திறக்கவில்லை: இரண்டு சர்வர் அமைப்பு

பிரவுசரிலேயே வேறொரு கணினியின் டெஸ்க்டாப்பைத் திறக்கும் மென்பொருளான குவாக்கமோலியில் லாகின் ஆகிறது, டெஸ்க்டாப் மட்டும் திறக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்த டெஸ்க்டாப்புடன் இணைக்கும் நிரலான குவாக்டி தன் சர்வருக்குள்ளேயே காத்திருக்கிறது, வெளியிலிருந்து வரும் அழைப்பை ஏற்கவில்லை. டாம்கேட் (குவாக்கமோலியின் லாகின் பக்கத்தைக் காட்டும் வெப் சர்வர்) ஒரு சர்வரில், குவாக்டி இன்னொன்றில் என்கிறீர்கள். லாகின் ஆகி, இணைப்பைத் தொட்டதும் பிழை வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். லாகினுக்கு குவாக்டி தேவையே இல்லை, அதனால் அதுவரை எல்லாம் சரியாகத் தெரியும்.

முதலில் குவாக்டி சர்வரில் 'எஸ்எஸ்' (ss) கட்டளையால், குவாக்டி காத்திருக்கும் 4822 போர்ட்டைப் பாருங்கள். அந்த வரியில் 127.0.0.1 அல்லது ::1 (அந்த சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி) இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

1. அதே சர்வரின் குவாக்டி கான்ஃபிக் ஃபைலில், சர்வர் பகுதியில், பைண்ட் ஹோஸ்ட்டுக்கு (குவாக்டி எந்த முகவரியில் காத்திருக்க வேண்டும் என்பது) அந்த சர்வரின் உள் நெட்வொர்க் ஐபியைக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

2. டாம்கேட் சர்வரின் குவாக்கமோலி ப்ராப்பர்ட்டீஸ் ஃபைலில் குவாக்டி ஹோஸ்ட்நேம் அதே ஐபியாக இருக்க வேண்டும். டாம்கேட்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் டாம்கேட் சர்வரிலிருந்து நெட்கேட்டால் (போர்ட் திறந்திருக்கிறதா என்று சோதிக்கும் கருவி) குவாக்டி சர்வரின் 4822-ஐத் தட்டிப் பாருங்கள். உடனே மறுத்தால் பெரும்பாலும் பைண்ட் இன்னும் மாறவில்லை. பதிலே வராமல் தொங்கினால் பெரும்பாலும் ஃபயர்வால் தடுக்கிறது.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: குவாக்டி யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்காது. 4822-ஐ டாம்கேட் சர்வரின் ஐபிக்கு மட்டும் திறங்கள், இணையத்துக்கு ஒருபோதும் வேண்டாம். இரண்டு சர்வருக்கும் இடையே நீங்கள் நம்பாத நெட்வொர்க் இருந்தால் எஸ்எஸ்எல்லும் (போகும் தகவலை மறைத்து அனுப்பும் முறை) போட்டுவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் திறக்கும் டெஸ்க்டாப்பின் பாஸ்வேர்ட் அந்த வழியில் மறைக்கப்படாமலே போகும்.