பாட்டில் தண்ணீர் ஏன் அப்படியே திரும்பி வருகிறது?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு, அரசுப் பள்ளி. கொடுத்தனுப்பும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறாள். எப்போதும் தலைவலி, எரிச்சல். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே போவதில்லை. பிடிவாதமா, மனசில் ஏதாவது பயமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: பிடிவாதம் இல்லை, அம்மா. பள்ளிக் கழிப்பறையைத் தவிர்க்க அவள் போட்டிருக்கும் கணக்கு அது. குடித்தால் போக வேண்டும், அதனால் குடிப்பதில்லை. உடம்பில் நீர் குறைந்தாலே தலை வலிக்கும், கவனம் சிதறும். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவளுக்குப் பாடம் ஏறாது. மணி எப்போது அடிக்கும் என்பதே நினைப்பாக இருக்கும். மலத்தையும் அடக்கினால் மலச்சிக்கல் வரும். இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் அவசரம் இன்னும் கூடும். வகுப்பிலேயே நனைத்துவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்தால், தோழிகளிடமிருந்தே பிள்ளை ஒதுங்கத் தொடங்குவாள்.

“ஏன் போகவில்லை?” என்று கேட்காதீர்கள்; வாயே திறக்க மாட்டாள். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் இருக்கிறதா, நாப்கினைப் போட மூடியுள்ள கூடை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தாழ்ப்பாள் சின்ன விஷயமில்லை. மரக்கதவு தண்ணீரில் ஊறி உப்பினால், தாழ்ப்பாள் கம்பி நிலையிலுள்ள துளைக்கு நேராக வராது. தோழி ஒருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்தத் தோழி லீவு போட்டால் இவள் அன்று முழுக்க அடக்குவாள். பி.வி.சி. கதவு என்றால் உப்பாது. அரசின் புதுயுகம் திட்டத்தில் இலவச நாப்கின் கிடைத்தாலும், மாற்றவும் போடவும் இடமில்லாதபோது வீட்டிலேயே இருந்துவிடத்தான் தோன்றும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி மாணவியருக்குத் தனிக் கழிப்பறை இருந்தாக வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அங்கே “கழிப்பறை சரியில்லை” என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். “இரண்டாவது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, மதியத்துக்கு மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை, கூடை இரண்டு வேண்டும்” என்று எழுதிக் கொடுத்துத் தீர்மானத்தில் ஏற்றுங்கள்.

காலையில் அரைமணி முன்னதாக எழுப்பி, சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிப்பறையில் உட்கார விடுங்கள். சாப்பிட்டவுடன் குடல் அசைவது இயல்பு. சிறுநீர் கழிக்கையில் எரிச்சலோ காய்ச்சலோ இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் சரியான பிறகும் ஒதுங்கியே இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேசலாம்.

கேள்வி: கல்யாணமாகி வந்த வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை இருக்கிறது. குழி நிறைந்துவிடும் என்று அத்தை பூட்டியே வைத்திருக்கிறார். இருட்டியதும் காட்டுப் பக்கம் போகிறோம். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, பெரம்பலூர் மாவட்டம்

பதில்: இருட்டுக்காகக் காத்திருப்பவர் தண்ணீரையும் சோற்றையும் குறைத்துக்கொள்வார்; துணைக்கு ஆளில்லாத இரவில் தூக்கமும் போகும். அத்தையும் இத்தனை வருடம் அந்தப் பயத்தோடுதான் இருந்திருப்பார். அங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள்.

ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேல் ஆழமும் உள்ள ஒரு குழி, ஐந்து பேர் வீட்டுக்குச் சுமார் 3 ஆண்டு வரும். இடைவெளிவிட்டுக் கட்டிய செங்கல் வழியே நீர் மண்ணில் இறங்கிவிடும், மிஞ்சுவது கொஞ்சம்தான். அடியில் சிமென்ட் பூசியிருந்தாலோ, குளிக்கிற தண்ணீரையும் அதில் விட்டாலோதான் சீக்கிரம் நிறையும். குழாய் இரண்டாகப் பிரியும் தொட்டியின் மூடியைத் திறந்து அத்தைக்கே காட்டுங்கள். ஒரு வழியைச் செங்கல் வைத்து அடைத்திருக்க வேண்டும். இரண்டும் திறந்திருந்தால் இரு குழியும் ஒன்றாக நிறைந்துவிடும். முதல் குழி நிறைந்ததும் அடைப்பை மாற்றி, அதை 2 ஆண்டு மூடியே வையுங்கள். பிறகு திறந்தால் நாற்றமில்லாத கறுத்த உரமாக இருக்கும், வயலுக்குப் போடலாம். அதற்கு முன் எக்காரணம் கொண்டும் யாரையும் குழிக்குள் இறக்காதீர்கள்.